சிப்பியில் தொடங்கும் கட்டடம்



மேசைமேல் ஒரு கல் சிப்பியை வைத்திருக்கிறேன். பின்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. கூட்டம் முடிந்ததும் வந்து கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளங்கையளவுதான், ஆனால் கனக்கும். கல்லங்குறிச்சிப் பக்கம் ஒரு பழைய மண்மேட்டில் கிடைத்தது. கல்லங்குறிச்சி என்றதும் உங்களுக்குக் கலியுக வரதராசப் பெருமாள் நினைவுக்கு வருவார். நிலவியல் படித்தவர்களுக்கு இந்தச் சிப்பி நினைவுக்கு வரும். இந்தப் பகுதியைக் கடல் மூடியிருந்த காலத்தில், ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இவை மேடு மேடாக வளர்ந்து, மடிந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன. அந்தப் படிவுக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயரே கல்லங்குறிச்சிப் படிவு. 19-ஆம் நூற்றாண்டில் ஹென்றி பிளான்ஃபோர்டு இந்தப் பகுதியை அளந்து வரைந்தார். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிக்ஸ்கா இங்கே கிடைத்த உயிரினங்களை ஒவ்வொன்றாக விவரித்து எழுதினார். இன்றைக்கும் உலகின் எந்த மூலையில் கிரெட்டேசியக் கடலைப் பற்றிப் படித்தாலும் அரியலூர் என்ற பெயரைத் தாண்டிப் போக முடியாது.

இந்தச் சிப்பிதான் சிமென்ட். இன்று நான் பேச வந்ததும் அதைப் பற்றித்தான்.

முப்பது ஆண்டுகளாகக் கட்டுமானப் பொறியாளனாக வேலை செய்கிறேன். பெரும்பாலும் சென்னையிலும் கோவையிலும் துணிக்கடைகள், அலுவலகக் கட்டடங்கள், மருத்துவமனைகள், வணிக வளாகங்கள். எங்கள் தொழிலில் ஒரு கட்டடத்தின் வரலாறு பூமி பூஜையில் தொடங்கித் திறப்புவிழாவில் முடிந்துவிடும். ரிப்பன் வெட்டிய மறுநாள் அடுத்த சைட்டுக்குப் போய்விடுவோம். அது எங்கிருந்து வந்தது, திறந்த பிறகு அதற்கு என்ன ஆனது, கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது என்று நாங்கள் கேட்டதில்லை. பிறப்பையும் சாவையும் விட்டுவிட்டு நடுவில் ஒரே ஒரு வயதை மட்டும் வாழ்க்கை என்று சொல்வது போன்றது இது. நான் இந்த மண்ணில் பிறந்தவன். எனக்காவது அந்தக் கேள்வி முன்பே வந்திருக்க வேண்டும்.

காங்கிரீட் என்பது என்ன? சிமென்ட், மணல், ஜல்லி, தண்ணீர். அரியலூர், பெரம்பலூர் ஆகிய இந்த இரண்டு மாவட்டங்களையும் ஒரு வரைபடத்தில் பாருங்கள். மேற்கே பச்சைமலையை ஒட்டிய பெரம்பலூர்ப் பகுதி கடினப் பாறை. அங்கே குவாரிகளும் கிரஷர்களும் ஜல்லியும் எம்-சாண்டும் தருகின்றன. கிழக்கே அரியலூர் படிவுப் பாறை, அங்கே சுண்ணாம்புக்கல். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம்; மணல் அங்கே. காங்கிரீட்டின் அத்தனை பொருளும் ஒரு நாள் சைக்கிள் பயணத்துக்குள் அடங்கிவிடுகிறது. தமிழ்நாட்டில் இப்படி இன்னோர் இடத்தைச் சொல்வது கடினம்.

கல்லக்குடியில் 1939-இல் ஆலை வந்து ஊரின் பெயரே டால்மியாபுரம் ஆனதும், 1953-இல் அந்தப் பெயரை எதிர்த்து நடந்த போராட்டமும் நமக்குத் தெரியும். அரியலூரில் அரசு சிமென்ட் ஆலை 1979-இல் வந்தது. பிறகு ரெட்டிப்பாளையம், தளவாய், கோவிந்தபுரம், கீழப்பழுவூர் என்று ஆலைகள் பெருகின. இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலருடைய வீட்டில் அந்த ஆலைச் சம்பளத்தில் அடுப்பு எரிந்திருக்கிறது. நான் அதை மறந்து பேச வரவில்லை.

சூளைக்குள் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாமே அங்கேதான் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் மாவாக அரைத்து, சுழலும் சூளையில் 1,450 டிகிரி வரை சூடேற்றுகிறார்கள். வழியிலேயே, 900 டிகிரியை நெருங்கும்போது, கல் இரண்டாகப் பிரிகிறது: சுண்ணாம்பு ஒரு பக்கம், கரியமில வாயு ஒரு பக்கம். 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தச் சிப்பி கடல்நீரிலிருந்து எடுத்துத் தன் ஓட்டுக்குள் பூட்டி வைத்த கரி, சில நிமிடங்களில் புகைபோக்கி வழியே காற்றில் கலந்துவிடுகிறது. மிஞ்சுவது கிளிங்கர். அதோடு ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமென்ட். ஜிப்சமும் நமக்கு அந்நியமில்லை. காரை, ஊட்டத்தூர் களிமண்ணில் அது நரம்பு நரம்பாக ஓடுகிறது. ஒரு டன் கிளிங்கருக்கு, கல்லிலிருந்து மட்டும் அரை டன்னுக்கும் சற்று அதிகமாகக் கரியமில வாயு வருகிறது. சூளையை எரிக்கும் நிலக்கரியின் புகை தனிக் கணக்கு, அது இன்னொரு கால் டன்னுக்கு மேல். உலகம் முழுவதும் மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில் 7 முதல் 8 சதவீதம் சிமென்டிலிருந்து வருகிறது. உலகில் சிமென்ட் உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடம் நமக்கு.

50 கிலோ மூட்டைக்கு வருவோம். சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட் என்றால் அதில் கிளிங்கர் 32 கிலோ அளவில் இருக்கும். ஒரு கிலோ கிளிங்கருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ சுண்ணாம்புக்கல் வேண்டும். ஆக, ஒரு மூட்டை சிமென்டுக்கு ஏறத்தாழ ஒரு மூட்டை அரியலூர். காற்றுக்குப் போவது 25 முதல் 30 கிலோ கரியமில வாயு.

இப்போது சென்னையில் ஒரு நடுத்தர வணிகக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். 50,000 சதுர அடி, நான்கு மாடி, கீழே வாகன நிறுத்தம். சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமென்ட், 4 கிலோ கம்பி என்பது மேஸ்திரிகளுக்கும் தெரிந்த கைக்கணக்கு. 20,000 மூட்டை சிமென்ட், 200 டன் கம்பி, 500 யூனிட்டுக்கு மேல் ஜல்லி. அப்படியென்றால் அந்த ஒரு கட்டடத்துக்கு இங்கே 1,000 டன் சுண்ணாம்புக்கல் வெட்டப்பட்டிருக்கிறது. சிமென்டிலிருந்து 550 டன், கம்பியிலிருந்து 450 டன், செங்கல், கண்ணாடி, அலுமினியம், டைல்ஸ் எல்லாம் சேர்த்தால் 1,500 டன் கரியமில வாயு என்று வைக்கலாம். திறப்புவிழா நாளில் முதல் விளக்கு எரிவதற்கு முன்பே தீர்ந்துபோன செலவு இது.

இந்தக் கணக்கை முதலில் போட்டபோது என் மனத்தில் ஒரு தீர்ப்பு தயாராக இருந்தது: ‘கட்டடத்தின் பாவமெல்லாம் எங்கள் ஊர்ச் சூளையில்தான் இருக்கிறது.’ கணக்கை நிறுத்தாமல் மேலே போட்டபோது விடை வேறாக வந்தது. குளிரூட்டப்பட்ட ஒரு கட்டடம் ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 150 யூனிட் மின்சாரம் எடுக்கும் என்று வைத்தால், நம் கட்டடத்துக்கு ஆண்டுக்கு 7 லட்சம் யூனிட். நிலக்கரி மிகுந்த நம் நாட்டு மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ அளவில் கரியமில வாயு. ஆண்டுக்கு 500 டன். மூன்றே ஆண்டில் ஏசியும் விளக்கும் லிஃப்டும் சேர்ந்து, கட்டி எழுப்பியதற்கான மொத்தச் செலவை எட்டிவிடுகின்றன. அந்தக் கட்டடம் 50 ஆண்டு நின்றால்? கட்டியது அதில் மிகச் சிறிய பங்கு.

நான் நம்பியதற்கு எதிரான இந்த விடையை மறைக்காமல் உங்கள் முன் வைக்கிறேன். அப்படியென்றால் குற்றம் வரைபலகையில் இருக்கிறது. எங்கள் கையில் இருக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன் நானே பொறுப்பேற்றுக் கட்டிய ஒரு கடை. பெயர் வேண்டாம். மேற்குப் பார்த்த மனை, சாலையும் மேற்கே. முகப்பு முழுவதும் கண்ணாடி வேண்டும் என்றார் உரிமையாளர். துபாயில் பார்த்துவிட்டு வந்திருந்தார். மேற்கு வெயிலை நான் அறிவேன். என் அப்பாயி மேற்குத் திண்ணையில் பிற்பகலில் மிளகாய்கூடக் காயப்போட மாட்டார், கருகிவிடும் என்பார். இருந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. கட்டி முடித்த முதல் சித்திரையில் உள்ளே நிற்க முடியவில்லை. ஏசியைக் கூட்டினார்கள், போதவில்லை. பிறகு கண்ணாடிக்கு உட்புறம் பிளைவுட் அடித்து, அதன்மேல் அலமாரி வைத்துவிட்டார்கள். வெளியே பார்த்தால் கண்ணாடி. உள்ளே பட்டப்பகலில் ஆயிரம் விளக்கு. வெளிச்சம் வரவேண்டிய கண்ணாடி வழியே வெப்பம் மட்டும் வந்துகொண்டிருக்கிறது, இன்றைக்கும். அன்று நான் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் போதும். கண்ணாடியைப் பாதியாகக் குறைத்து, வெளியே சன்ஷேடு கொடுத்து, கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடித்திருந்தால் அந்த மின் கட்டணத்தில் கணிசமான பங்கு என்றைக்குமாகக் குறைந்திருக்கும். இதற்கு எந்தப் புதுத் தொழில்நுட்பமும் தேவையில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. வணிகக் கட்டடங்களுக்கான எரிசக்திச் சேமிப்பு விதித்தொகுப்பு 2007-இல் வந்தது, 2017-இல் திருத்தப்பட்டது. 2022-இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டமே திருத்தப்பட்டது. ஹைதராபாத்தில் இந்தியத் தொழில் கூட்டமைப்பின் பசுமை வணிக மையம் 2004-இல் திறக்கப்பட்டபோது, அப்துல் கலாம் குடியரசுத் தலைவராக நேரில் வந்து திறந்துவைத்தார். அமெரிக்காவுக்கு வெளியே ‘லீட் பிளாட்டினம்’ தரம் பெற்ற முதல் கட்டடம் அது. முற்றமும் ஜாலிச் சுவரும் அதில் உண்டு. நம் தாத்தாக்கள் வீடுகளில் இருந்தவைதான். இருபது ஆண்டுக்கும் மேலாகிவிட்டது. அதைப் போய்ப் பார்த்து வந்த பொறியாளர்களில் நானும் ஒருவன். பார்த்து வந்த பிறகும் மேற்கில் கண்ணாடி வைத்தவர்கள் நாங்கள்.

கட்டடத்தின் நடுவயதில் யாரும் எண்ணாத இரண்டு செலவுகள் உண்டு. ஒன்று, கடைகள் ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை உள்ளே எல்லாவற்றையும் பிரித்தெறிந்து புதிதாக்குவது: ஃபால்ஸ் சீலிங், பிளைவுட், டைல்ஸ், விளக்கு. ஐம்பது ஆண்டில் எட்டு ஒன்பது முறை. இன்னொன்று ஏசி வாயு. நிறைய ஏசிகளில் இருக்கும் ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ கசிந்தால், இரண்டு டன் கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்பினேன் என்று மெக்கானிக் சொன்னால் அது எங்கே போனது என்று கேளுங்கள்.

இனி மறுபக்கம். தமிழ்நாட்டின் மின்சாரம் மாறிக்கொண்டிருக்கிறது. ஆரல்வாய்மொழியிலும் கயத்தாறிலும் காற்றாலைகள், எங்கும் சூரியத் தகடுகள். ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ என்ற எண் ஆண்டுக்கு ஆண்டு குறையும். குறையக் குறைய, கட்டடத்தின் மொத்தக் கணக்கில் கட்டும்போது ஆன செலவின் பங்கு ஏறிக்கொண்டே போகும். சூளையைச் சூரிய ஒளியாலேயே சூடாக்கினாலும், கல்லுக்குள் இருக்கும் கரி வெளியே வந்தே தீரும். அது வேதியியல், பேரம் பேச முடியாது. ஆகவே, ஏசியைக் குறைத்தால் போதும் என்று அரியலூரை மறந்துவிடவும் முடியாது.

கிளிங்கரைக் குறைப்பதே அதற்கு வழி. அனல்மின் நிலையச் சாம்பலை 35 சதவீதம் வரை கலக்க இந்தியத் தரநிர்ணயம் இடம் தருகிறது. சுட்ட களிமண்ணையும் சுண்ணாம்புக்கல்லையும் கலந்து கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கும் சிமென்ட் ஒன்றைச் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து ஆய்வாளர்களும் நம் சென்னை, டெல்லி ஐஐடிகளும் வேறு சிலரும் சேர்ந்து உருவாக்கினார்கள். எல்சி3 என்பது அதன் பெயர். 2023-இல் அதற்கு ஐஎஸ் 18189 என்ற இந்தியத் தரம் வந்தது. சாதாரண சிமென்டோடு ஒப்பிட்டால் கரியமில வாயுவில் மூன்றில் ஒரு பங்கு குறையும். எனக்கு இதில் மிகப் பெரிய மகிழ்ச்சி வேறொன்று: கிளிங்கருக்கு ஆகாது என்று சுரங்கக் கரையில் கொட்டி வைத்திருக்கும் தரம் குறைந்த சுண்ணாம்புக்கல் அதற்கு ஆகும். புதுக் குழி வெட்டாமல் பழைய மேட்டைக் கரைக்கலாம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கலப்பு சிமென்ட் மெதுவாக இறுகும். சாதாரண சிமென்டுக்கு 7 நாள் தண்ணீர் விட்டால் போதும் என்றால் இதற்கு 10 நாளாவது வேண்டும் என்கிறது ஐஎஸ் 456. சைட்டில் மூன்றாம் நாளே சாக்கை உருவிவிடுகிறார்கள். பிறகு விரிசல் விட்டால், பழி சாம்பல்மேல் விழுகிறது. பத்து நாள் க்யூரிங் செய்ய ஒரு ஆளை நிறுத்துவது சுற்றுச்சூழல் பணி என்று நான் மேஸ்திரிகளிடம் சொல்வதுண்டு. ஐம்பது ஆண்டு நிற்கவேண்டியது முப்பதில் கம்பி துருப்பிடித்து உதிர்ந்தால், அந்த 1,000 டன் கல்லை மறுபடியும் இங்கே வந்துதான் வெட்ட வேண்டும்.

கட்டடத்தின் சாவைப் பற்றி. மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-இல் 11 மாடிக் குடியிருப்பு சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பிழைக்க வந்த கட்டடத் தொழிலாளர்கள். அதற்கு இணையாக நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2-இல் வெடி வைத்துச் சில நொடிகளில் தரைமட்டமாக்கினார்கள். யாரும் ஒரு நாள்கூட வாழாத கட்டடம். அது வணிகக் கட்டடம் இல்லை. ஆனால் சிமென்டுக்கு அந்த வேறுபாடு தெரியாது. உயிர்களுக்கு ஈடில்லை. அவற்றுக்குப் பின்னால், யாருக்கும் பயன்படாமல் வெட்டப்பட்ட கல்லும் இருக்கிறது.

இடிபாட்டுக் கழிவுகளுக்கான விதிகள் 2016-இல் வந்தன. அதே ஆண்டு திருத்தப்பட்ட ஐஎஸ் 383, இடிபாட்டிலிருந்து எடுத்த ஜல்லியைச் சாதாரண காங்கிரீட்டில் 25 சதவீதம் வரையும், எம்-25 தரம் வரையிலான கம்பி காங்கிரீட்டில் 20 சதவீதம் வரையும் சேர்க்க அனுமதித்தது. இருந்தும் இரவில் லாரி வருகிறது, ஏரிக்கரையில் கொட்டிவிட்டுப் போகிறது. சென்னையின் பழைய காங்கிரீட் ஒவ்வொரு யூனிட்டும் ஜல்லியாகத் திரும்பினால், பெரம்பலூரில் ஒரு யூனிட் பாறை மலையிலேயே இருக்கும். குவாரி வெடிக்கு ஓட்டுச் சில்லு அதிரும் ஊர்களுக்கு இது புள்ளிவிவரம் இல்லை.

இங்கே கங்கைகொண்ட சோழபுரத்தைச் சொல்லாமல் போக முடியாது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் சோழர் தலைநகர். மாளிகைமேட்டில் அகழ்ந்தால் வெளிப்படுவது அரண்மனையின் செங்கல் அடித்தளம் மட்டும். மேலே இருந்தவை எங்கெங்கோ போய்விட்டன. கோயிலின் வெளிமதில் கற்களை 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டக் கொண்டுபோனார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பொறுக்காது. ஒரு பேரரசின் மதிலைப் பெயர்த்தது அது. ஆனாலும் பொறியாளனாக ஒன்றைக் கவனிக்கிறேன். எண்ணூறு ஆண்டு மதிலாக நின்ற கல், பிறகு அணையாகி, அணைக்கரையில் இன்றும் தண்ணீரைத் தடுத்துத் திருப்பிவிடுகிறது. கல்லைக் கல்லாகவே அடுக்கியிருந்ததால் பெயர்த்து எடுக்க முடிந்தது. நாம் கட்டுவதில் எதை இப்படிப் பெயர்த்து எடுக்க முடியும்? போல்ட் போட்ட இரும்புச் சட்டம், கழற்றக்கூடிய தடுப்பு, ஒட்டாமல் மாட்டிய தரை. வணிகக் கட்டடங்களில் இவை எல்லாம் முடியும். வாடகைதாரர் மாறும்போதெல்லாம் உடைக்கிறவர்கள் அவிழ்க்கலாம்.

கடைசியாகக் குழிகள். அரியலூரைச் சுற்றி வெட்டி முடித்த குழிகளில் மழைநீர் பச்சையாகத் தேங்கி நிற்பதைப் பேருந்து சன்னலிலிருந்தே பார்க்கலாம். சுரங்கம் வெட்டத் தொடங்கும்போதே மூடும் திட்டமும் தர வேண்டும் என்பது 2017-இன் கனிமப் பாதுகாப்பு விதிகளில் இருக்கிறது. அந்தத் திட்டம் கிராம சபையில் படிக்கப்பட வேண்டும். குழியின் சரிவு ஆடு மாடு இறங்கி ஏறும் அளவுக்குச் சமப்படுத்தப்பட வேண்டும். வேலி வேண்டும். தண்ணீர் நல்லதாக இருந்தால் பாசனத்துக்கு வழிவிட வேண்டும். சாலையில் சிவப்புத் தூசியையும் லாரிகளையும் சகித்தவர்களுக்கு இது சலுகை இல்லை, கடன். அந்தக் கடனில் சென்னையின் ஒவ்வொரு வணிக வளாகத்துக்கும் பங்கு உண்டு. கட்டட அனுமதிக் கோப்பில் சிமென்ட் எந்த ஆலையிலிருந்து, கல் எந்தக் குழியிலிருந்து, அந்தக் குழி இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு தாள் இணைக்கப்பட வேண்டும் என்று நான் கேட்கிறேன். ஒரே ஒரு தாள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. இந்த அரங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடம் அலுவலகத்தில் இருக்கும். சதுர அடியை அளந்து மூட்டையைக் கணக்கிடுங்கள், மூட்டையிலிருந்து கல்லை. கடந்த மூன்று ஆண்டு மின் கட்டண ரசீதுகளைக் கேட்டு வாங்குங்கள். ஏசிக்கு எத்தனை முறை கேஸ் நிரப்பினார்கள் என்று காவலரிடம் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும். நான் வந்ததிலிருந்து கவனித்தேன்: மேற்குச் சுவரில் ஆறு சன்னல்கள், ஆறுக்கும் திரை போட்டிருக்கிறது, மேலே விளக்குகள் எரிகின்றன. வெளியே இரண்டடி சன்ஷேடு வைத்தால் என்ன செலவாகும், எத்தனை மாதத்தில் திரும்பும் என்று போட்டுப் பாருங்கள். விடையைக் கல்லூரி முதல்வரிடம் கொடுங்கள். எனக்கும் ஒரு படி அனுப்புங்கள். சிப்பியை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன்.